பாதாம் பிரட் நடுவில் குழி விழுவது ஏன்?

கேள்வி: தானியமே சேர்க்காமல் பாதாம் மாவில் பிரட் செய்கிறேன். அவனில் நன்றாக உப்புகிறது. வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுகிறது. வெட்டினால் களி போல ஒட்டுகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கோதுமை பிரட்டில் காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டன். பாதாமில் அது கிடையாது, அந்த வேலையை முட்டைதான் பார்க்க வேண்டும். நடுவில் முட்டை வெந்து இறுகுவதற்குள் எடுத்துவிட்டால் அமுங்கத்தான் செய்யும். சோடா கூடினாலும் இதே கதிதான்.

இந்த அளவில் செய்து பாருங்கள்: பாதாம் மாவு 200 கிராம், முட்டை 4, உருக்கிய நெய் 3 மேசைக்கரண்டி, சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. முட்டை குளிர்ச்சியாக இருந்தால் நெய் உறைந்து திரிதிரியாகிவிடும்; ஃபிரிட்ஜிலிருந்து முன்பே எடுத்து வையுங்கள். அவனை 170 டிகிரிக்குச் சூடேற்றி, சிறிய பிரட் டின்னில் பட்டர் பேப்பர் விரித்துத் தயாராக இருங்கள். முட்டையை நுரைக்க அடித்து நெய் ஊற்றி, சோடாவும் உப்பும் கலந்து சலித்த மாவைச் சேருங்கள். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பொத்தென்று விழ வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில். ஊற்றியதுமே சோடா பொங்கத் தொடங்கிவிடும், அதனால் இரண்டு நிமிடத்துக்குள் டின் அவனுக்குள் போயாக வேண்டும். மாவைக் கலந்து வைத்துவிட்டு அவனைப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு.

35 முதல் 40 நிமிடம் ஆகும். பாதாம் சீக்கிரம் சிவந்துவிடும், நிறத்தை நம்பாதீர்கள். 25 நிமிடத்துக்குப் பிறகு மேலே ஃபாயில் மூடி, நடுவில் குச்சி குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தாலும் இன்னும் 5 நிமிடம் விடலாம். ஒரு மணி நேரம் ஆறாமல் வெட்டினால் உள்ளிருக்கும் ஆவியே அதைக் களியாக்கிவிடும்.

கடையில் வாங்கும் பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சோள மாவு இருக்கும். தானியமே கூடாது என்பவர்கள் சோடா–எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் அரைத்தால் பாதாம் மாவு பிசுபிசுவென்று ஆகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: ஜார் சூடானதும் பாதாம் எண்ணெய் விடும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, கையில் ஈரம் தட்டாதபடி உலர்த்துங்கள். ஃபிரிட்ஜில் குளிர வைத்து, ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், விட்டுவிட்டு ஐந்தைந்து வினாடி அரைத்துச் சலியுங்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் கிடைப்பது பாதாம் வெண்ணெய்தான்.

கேள்வி: பாதாமுக்குப் பதில் சூரியகாந்தி விதை மாவு போட்டேன். மறுநாள் பிரட் பச்சையாகிவிட்டது. பூசணமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உள்ளே முழுக்க ஒரே பச்சை என்றால் பூசணம் இல்லை. விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து தரும் நிறம் அது, சாப்பிடலாம். சோடாவைச் சற்றுக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டினால் பச்சை குறையும். மேலே திட்டுத் திட்டாகப் பஞ்சு போலப் படர்ந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.