குட்டிகளுக்குக் கால் ஒடிகிறது: கொலாஜன் பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, மானாவாரிப் பக்கம் 22 வெள்ளாடும் 9 செம்மறியும் வைத்திருக்கிறேன். ஒரே பட்டி, ஒரே தண்ணீர்த் தொட்டி. இந்த ஈத்துக் குட்டிகளில் இரண்டுக்கு, வரப்பிலிருந்து குதித்ததற்கே முன்னங்கால் ஒடிந்துவிட்டது. இன்னொன்று பின்பக்கம் தள்ளாடுகிறது. கருப்பு ஆடுகளின் மயிர் செம்பட்டையாகி வருகிறது. போர் தண்ணீர்தான் குடிக்கின்றன. கால்சியம் டானிக் ஊற்றியும் பலனில்லை. மருந்துக்கடையில் கொலாஜன் பவுடர் வாங்கிக் கொடு என்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தொட்டியில் மயில்துத்தத்தைக் கரைத்துவிடு என்கிறார். எதைச் செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த மயில்துத்தத்தை (அது செம்பு உப்பு, காப்பர் சல்பேட்) எடுத்து எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் நோயைச் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார் போலிருக்கிறது. ஆனால் அவர் சொன்ன வைத்தியத்தைச் செய்தால் ஒன்பது செம்மறியும் போய்விடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளமும் (ஒடியும் எலும்பு, தள்ளாடும் பின்கால், வெளிறும் மயிர்) ஒரே மந்தையில் சேர்ந்து வந்தால் செம்புச் சத்துக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கால்சியம், பாஸ்பரஸ் குறைவிலும் எலும்பு கெடும். ஆனால் அதில் பெரும்பாலும் மூட்டு வீங்கும், கால் வளையும், மயிரின் நிறம் மாறாது.

எலும்பு என்றாலே சுண்ணாம்பு என்று நினைக்கிறோம். சுண்ணாம்பு பூச்சு மாதிரிதான், உள்ளே ஓடும் கம்பி கொலாஜன். தேங்காய் நார்க் கயிறு திரிப்பது போல மூன்று புரி முறுக்கிய புரதம் அது. அந்த முப்புரி அமைப்பை 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊரில் நடந்த வேலை, அதனால் சொல்லிவைக்கிறேன்.

புரி திரித்தால் மட்டும் போதாது. திரிக்கும்போதே புரதத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஆக்சிஜன் ஏற வேண்டும். அது ஏறாவிட்டால் புரி உடம்புச் சூட்டிலேயே பிரிந்துவிடும். இதற்கு வைட்டமின் சி வேண்டும். மனிதனுக்கு அது குறைந்தால் ஈறில் ரத்தம் வருவது இதனால்தான். ஆடு தன் ஈரலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், ஆகவே எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்ற வேண்டியதில்லை.

உங்கள் குட்டிகளில் கெட்டுப்போவது அடுத்த கட்டம். திரித்த கயிறுகளைப் பக்கத்துப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும். லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியை ஆல்டிஹைடாக மாற்றினால்தான் அந்த முடிச்சு விழும். மாற்றுவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, அது செம்பு இல்லாமல் வேலை செய்யாது. கயிறு இருக்கிறது, முடிச்சு இல்லை. சுண்ணாம்பு எவ்வளவு ஏற்றினாலும் கால் ஒடியத்தான் செய்யும். (இந்த முடிச்சுகள் வயதாக வயதாக முற்றி இறுகும். கிழட்டு ஆட்டுக் கறி எத்தனை விசில் விட்டாலும் வேகாததற்கு அதுவும் ஒரு காரணம்.)

கொலாஜன் பவுடரால் பயனில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். உங்கள் ஆட்டுக்குக் குறைவது கொலாஜனே அல்ல. கொடுத்தாலும் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். காசு வீண்.

செம்பு ஏன் குறைந்தது? தீனியில் இருந்தும் உடம்பில் சேராமல் போயிருக்கலாம். போர் தண்ணீரில் சல்பேட் அதிகமாகி, தீவனத்தில் மாலிப்டினம் என்ற தாதுவும் கூடினால், இரண்டும் வயிற்றில் சேர்ந்து செம்பைக் கட்டிப்போட்டுவிடும். இரும்பு மிகுந்த தண்ணீரும் செம்பை உறிஞ்ச விடாது. தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும்.

இனி மயில்துத்தம். கிலோ தீனிக்கு 40 மி.கி. செம்பு வரை மாடு தாங்கும். செம்மறிக்கு 15 மி.கி. தாண்டுவதே ஆபத்து. மிஞ்சிய செம்பு வெளியேறாமல் ஈரலில் மாதக்கணக்கில் சேரும். வெளியில் ஒன்றும் தெரியாது. திடீரென ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், ஆடு விழும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையையும் கோழி எருவையும் செம்மறிக்குக் காட்டக் கூடாதென்பது இதனால்தான். வெள்ளாடு சற்றுத் தாங்கும், ஆனால் உங்களுடையது பொதுத் தொட்டி.

ஆகவே நாலைந்து ஆடுகளின் ரத்தத்தையும் தண்ணீரையும் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுங்கள். செம்மறிகளின் ரத்தமும் அதில் இருக்கட்டும், அவற்றுக்கும் குறைவு இருக்கலாம். குட்டி ஏதும் இறந்தால் உடனே புதைக்காதீர்கள். ரத்தத்தைவிட ஈரலே உண்மையைச் சொல்லும். முடிவு வந்த பிறகு மருத்துவர் எடை பார்த்துச் செம்பு கொடுப்பார். அதுவரை வெள்ளாட்டையும் செம்மறியையும் தனித்தனியே கட்டித் தீனி வையுங்கள்.

தள்ளாடும் குட்டியைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அது எலும்புக் கோளாறு அல்ல, தாய் வயிற்றிலோ பிறந்த சில வாரங்களிலோ நரம்பின் மேலுறை கெட்டுப்போனது. அநேகமாகத் திரும்பாது. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் தாய்க்குச் செம்பு சரியாகப் போனால் அடுத்த ஈத்துக்கு இந்தத் தொல்லை வராது.

கால் ஒடிந்த இரண்டும் தேறிவிடும். செம்பு கிடைத்ததும் புதிதாக விளையும் எலும்பில் முடிச்சு சரியாக விழும். பஞ்சு சுற்றி மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பாதம் வீங்குகிறதா என்று தினமும் பாருங்கள். வீங்கினால் கட்டு இறுக்கம், தளர்த்திக் கட்டுங்கள்.