ஐந்து நட்சத்திரங்களும் மூன்றாம் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, இப்போது ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறெந்த விளையாட்டையும் ஏறிட்டும் பார்க்காதவன், கைல் ஃபீல்ட் மைதானத்தில் மாணவர்களோடு மாணவனாக நின்றபடியே ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்த பிறகு அமெரிக்கக் கால்பந்தை விட முடியாதவனாகிவிட்டேன். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒவ்வொரு டிசம்பரிலும், எங்கள் பல்கலைக்கழகத்துக்காகப் புதிதாகக் கையெழுத்திடும் பள்ளி மாணவர்களின் பெயர், ஆடும் இடம், உயரம், எடை, தரம்பிரிக்கும் தளங்கள் தரும் நட்சத்திரம் என்று அட்டவணை போட்டு, அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மதிப்பெண் கொடுப்போம். 2022-ஆம் ஆண்டுச் சேர்க்கை நாட்டிலேயே முதலிடம் பெற்றபோது இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம். அந்த ஆண்டே அணி 5 ஆட்டங்களில் வென்று 7 ஆட்டங்களில் தோற்றது. அதற்குப் பிறகு எங்களில் பாதிப் பேர் நட்சத்திரங்களெல்லாம் வெறும் வியாபாரம் என்கிறார்கள். மீதிப் பேர், நட்சத்திரம் இல்லாமல் கோப்பையே கிடையாது என்கிறார்கள். இந்த முறை அட்டவணை போட உட்கார்ந்தபோது பேச்சு முற்றி, இருவர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்கள். பள்ளி ஆட்டங்களை நிறையப் பார்த்தவர் நீங்கள். புதுச் சேர்க்கையை எப்படித்தான் மதிப்பிடுவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுந்து போன இருவரையும் முதலில் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நட்சத்திரம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு பள்ளி மாணவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது, பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்-இன் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்க நடத்தும் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றிலேயே அவன் எடுக்கப்படுவான் என்று கணிப்பதற்குச் சமம். முதல் சுற்றில் 32 இடங்கள் என்பதால், 247ஸ்போர்ட்ஸ் தளம் ஐந்து நட்சத்திரத்தையும் ஏறத்தாழ அத்தனை பேருக்குத்தான் அளிக்கிறது. நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்குக் கிடைக்கும். மூன்று நட்சத்திரக்காரர்களின் கூட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. நட்சத்திரத்தை நம்பாத உங்கள் நண்பர்கள் ஜோஷ் ஆலனின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். பள்ளி முடித்தபோது உயர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட அவருக்கு இடம் தர முன்வரவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போய், 2018 தேர்வில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். கேம் வார்டையும் சொல்லியிருப்பார்கள். இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர், 2025 தேர்வில் முதல் ஆளாகப் போனார். இரண்டும் உண்மை. ஆனால் ஆயிரம் பேர் நிற்கும் வரிசையிலிருந்து பத்துப் பேர் மேலே வருவதும், முப்பது பேர் நிற்கும் வரிசையிலிருந்து பத்துப் பேர் மேலே வருவதும் ஒன்றல்ல. முதலாவதை நாம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அது கதையாகச் சொல்ல ஏற்றது. இரண்டாவது எதிர்பார்த்தபடி நடந்த ஒன்று என்பதால் மறந்துபோகிறது.

2021-இல் கோப்பை வென்ற ஜார்ஜியா அணியின் தற்காப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தற்காப்பிலிருந்து மட்டும் ஐந்து பேர் 2022 தேர்வின் முதல் சுற்றில் போனார்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்ட டிராவன் வாக்கர் பள்ளியிலேயே ஐந்து நட்சத்திரக்காரர். அவரருகே நின்று ஆடி, பதின்மூன்றாவது ஆளாகப் போன ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரக்காரர். அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர், ஸ்டெட்சன் பென்னட்டோ உதவித்தொகை இல்லாமல் தானே வந்து சேர்ந்தவர். இடையில் ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய்த் திரும்பியவர். பென்னட்டை மட்டும் பார்த்தால் நட்சத்திரம் தேவையில்லை என்று தோன்றும். அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்களைப் பார்த்தால், ஆண்டுக்காண்டு மேலான சேர்க்கையைக் கொண்டுவந்த ஒரு பல்கலைக்கழகத்தால்தான் அப்படியொருவரை நடுவில் நிறுத்தி வெல்ல முடியும் என்பது புரியும்.

இனி 2022-க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் வலி அங்கேதான் இருக்கிறது; எனக்கும் அந்த வலி உண்டு. அந்த ஆண்டுச் சேர்க்கை பொய்த்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வால்டர் நோலனும் ஷெமார் ஸ்டூவர்ட்டும் அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர்கள். 2025 தேர்வில் நோலன் 16-ஆவது ஆளாக அரிசோனாவுக்கும், ஸ்டூவர்ட் 17-ஆவது ஆளாக சின்சினாட்டிக்கும் போனார்கள். ஐந்து நட்சத்திரம் எதைக் கணித்ததோ அது அவர்கள் விஷயத்தில் அப்படியே நடந்தது. ஆனால் நோலன் அந்த இடத்துக்குப் போனது ஓல் மிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து. ஆண்டனி லூக்கஸ் ஒரே ஆண்டில் யுஎஸ்சி பல்கலைக்கழகத்துக்குப் போனார். எல்டி ஓவர்டன் இரண்டு ஆண்டுகளில் அலபாமாவுக்கும், எவன் ஸ்டூவர்ட் ஓரிகனுக்கும் போனார்கள். அணியின் எதிர்காலம் என்று நாமெல்லாம் நம்பிய குவார்ட்டர்பேக் கானர் வீக்மன், 2024-இல் மார்செல் ரீடிடம் இடத்தை இழந்து, இப்போது நீங்கள் வசிக்கும் ஊரின் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். சிறுவர்களைப் பற்றிய கணிப்பில் பெரிய தவறில்லை. அவர்களெல்லாம் சேர்ந்து ஓர் அணியாகும் காலம் வரும் முன்பே அந்தச் சேர்க்கை கலைந்துவிட்டது.

ஏன் கலைந்தது என்று கேட்டால், பட்டியலிலேயே ஒரு காரணம் கண்முன் இருந்தது; அன்று நாம் அதைப் படிக்கவில்லை. நோலன், ஷெமார் ஸ்டூவர்ட், ஓவர்டன், லூக்கஸ், கேப்ரியல் பிரவுன்லோ-டின்டி ஆகிய ஐவரும் தற்காப்பின் முன்வரிசை ஆட்கள். அந்த வரிசையில் ஒரே நேரத்தில் நிற்பது மூன்று அல்லது நான்கு பேர். அவர்களுக்கு முன்பே அங்கே மூத்தவர்கள் இருந்தார்கள். தம் பள்ளியில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராத ஐந்து பேரை ஒரே வாசலில் வரிசையில் நிற்க வைத்தால் ஓரிருவராவது வேறு வாசலைத் தேடிப் போவார்கள். அந்தக் காலகட்டத்தில் வேறு வாசல்கள் அகலத் திறந்திருந்தன. 2021 ஏப்ரலில், ஒருமுறை பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்ற விதி வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றானது. அந்த இரண்டு மாற்றங்களுக்கும் பிறகு வந்த முதல் முழுச் சேர்க்கை அதுதான். பழைய விதிகளின் காலத்தில் அதே ஐவர் வந்திருந்தால், பலர் பொறுத்திருந்து மூன்றாம் ஆண்டில் ஒன்றாகக் களத்தில் நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மற்றொரு காரணத்தை 2022 செப்டம்பர் 10 அன்று கைல் ஃபீல்டிலேயே பார்த்தோம். அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகம் நம்மை 17–14 என்று வென்ற ஆட்டம். அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பத்தொரு நிமிடத்துக்கும் மேலாகப் பந்து அவர்களிடம் இருந்தது. நம்முடைய தாக்குதல் அணி மூன்று முறை முயன்று பத்து கஜம் போக முடியாமல் திரும்பத் திரும்ப வெளியே வந்தது. தற்காப்பு ஆட்கள் தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே மறுபடியும் உள்ளே ஓடினார்கள். எத்தனை நட்சத்திரம் உள்ள தற்காப்பு வீரனும் டெக்ஸாஸின் செப்டம்பர் வெயிலில் நாற்பது நிமிடம் நின்றால் கால் தளரத்தான் செய்யும். பந்தை வைத்திருக்க வேண்டுமென்றால் குவார்ட்டர்பேக்குக்கு முன் நிற்கும் ஐவர், அதாவது ஆஃபென்சிவ் லைன், உறுதியாக இருக்க வேண்டும். அந்த ஐவர் ஒரே ஆண்டில் உருவாவதில்லை. பதினெட்டு வயதில் வரும் பையனுக்கு உடல் முதிர்ந்து, பக்கத்தில் நிற்பவனின் அசைவை அவன் முகத்தைப் பார்க்காமலே அறிவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே புதுச் சேர்க்கைப் பட்டியல் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, லைன் ஆட்கள் எத்தனை பேர் என்பதைத்தான். அதற்கு அடுத்து, அதே இடத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை.

காணொளி பார்க்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். பையன்கள் அனுப்பும் சிறப்புத் தொகுப்புகளில் அவர்கள் வென்ற காட்சிகள் மட்டுமே இருக்கும். முடிந்தால் ஒரு முழு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். நம் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கு அருகே நான் வசித்த காலத்தில், பள்ளி அணியில் ஆடிய ஒரு லைன் ஆளை ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்கக் கவனித்தேன். எதிரே நின்றவன் முதல் இரண்டு முறையும் அவனைக் கடந்து போய்விட்டான். மூன்றாம் முறை இவன் இடது காலை ஒரு சாண் பின்னுக்கு வைத்து, இடுப்பைத் தாழ்த்தி நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, பயிற்சியாளர் அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை எதிரே நின்றவனால் அவனைத் தாண்ட முடியவில்லை. எந்தத் தொகுப்பிலும் அந்த முதல் இரண்டு தோல்விகள் இருக்காது. அவை இல்லாமல் மூன்றாவதன் அருமையும் தெரியாது. அவனுக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருந்தார்கள்.

அதே பையன் கையெழுத்திட்ட நாளில் பள்ளி உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மடக்கு மேசையில் விரித்த துணி, அதன்மேல் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் தொப்பி. அவனுக்கு வந்த அழைப்பும் ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, அவன் எழுதி முடிக்கும்வரை அவன் சட்டையின் தோள்பட்டையை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஏறத்தாழ அந்த வயதுப் பையனுடையது. வாக்குக் கொடுத்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியவனை ரசிகர்கள் வசைபாடுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தின் நடுவே வேறு ஊருக்குப் போகும்போது நாம் அதை வேலை மாற்றம் என்கிறோம். 2023 நவம்பரில் நம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவைக்க நம் பல்கலைக்கழகம் 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவரை நம்பி வந்த பையன்கள் அதன்பின் வேறிடம் தேடினால் அதில் என்ன துரோகம் இருக்கிறது? அவர்கள் ஆட்டத்தை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் அலசுங்கள். அவர்கள் மனத்தையும் வீட்டையும் பற்றிய ஊகங்கள் உங்கள் குழுவில் வேண்டாம்.

டிசம்பரில் வரும் பட்டியல் இன்று சேர்க்கையின் ஒரு பகுதி மட்டுமே. 2023-இல் 3 ஆட்டங்களை மட்டும் வென்ற இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தபோது, தம் முந்தைய பல்கலைக்கழகமான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்துவந்தார். அடுத்த ஆண்டே அணி 11 வெற்றி பெற்றது. நம் அணியையே பாருங்கள். பயிற்சியாளர் மைக் எல்கோவின் கீழ் 2025-இல் முதல் 11 ஆட்டங்களையும் வென்று, கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டியான பிளேஆஃபுக்குள் முதன்முறையாகப் போனோம். அந்தத் தற்காப்பின் தலையாய ஆள் கேஷியஸ் ஹவல், பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்தவர். அவர் பெயர் உங்களுடைய எந்த டிசம்பர் அட்டவணையிலும் இருந்திருக்காது. பள்ளியிலிருந்து வருபவர்களையும் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்களையும் ஒரே தாளில், ஆடும் இடத்தின்படி எழுதுங்கள். அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பு இப்போது இருப்பதால், உள்ளே வருபவர்களுக்கு நேரே வெளியே போகிறவர்களையும் எழுதினால்தான் கணக்குச் சரியாக வரும்.

மதிப்பெண்ணை இந்த டிசம்பரில் பென்சிலால் போட்டுவையுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில், இவர்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் தொடக்க அணியில் நிற்கிறார்கள் என்று இரண்டு எண்களை அதன் பக்கத்தில் எழுதிவிட்டு, பேனாவால் மறுமதிப்பெண் போடுங்கள். தளங்கள் தரும் வரிசை எண்ணில் ஆட்களின் எண்ணிக்கையும் சேர்கிறது; குறைவான பேரைச் சேர்த்து, வந்தவர்களைத் தக்கவைக்கும் பல்கலைக்கழகம் அதில் கீழே தெரியும். உங்கள் இரண்டு எண்கள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

2022-க்குப் போட்ட பழைய அட்டவணை யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். ஷெமார் ஸ்டூவர்ட் மூன்று ஆண்டுகளும் இங்கேயே இருந்து, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்து வீசும் முன்பே வீழ்த்தும் ‘சேக்’ கணக்கில் மொத்தமாக நாலரை மட்டுமே எடுத்தவர். ஆனாலும் சுமார் 121 கிலோ எடையோடு நாற்பது கஜத்தை 4.59 விநாடியில் ஓடி முதல் சுற்றில் போனார். அவர் பெயருக்கு நேரே அன்று நீங்கள் ஏழு பேரும் என்ன எழுதினீர்கள் என்று பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்