கடலோரம் பாய் விரிக்கலாமா?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை வகுப்பு எடுக்கும் யோகா ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

மொட்டைமாடியில் செய்கிற அதே ஆசனங்களைக் கடற்கரையில் செய்தால் கூடுதல் பலன் உண்டா? விடியற்காலையில் கிளம்பி அவ்வளவு தூரம் வருவது வீண் அலைச்சலோ என்று தோன்றுகிறது.
– வாசகி, வேளச்சேரி

மனசுக்கு நிச்சயம் பலன் உண்டு. உடம்புக்கு, எந்த ஆசனம் என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விவரம் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. பூங்கா, காடு, கடற்கரை என்று வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது வெளியில் கழித்தவர்களில்தான் நலமாகவும் நிறைவாகவும் இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். அந்த நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, பிரித்துக் கழித்தாலும் சரி. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே கிளம்புகிறார்களோ என்ற கேள்விக்கு இந்த மாதிரி ஆய்வால் முழுப் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் வகுப்பில் நான் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது. சிலிண்டர் வரவில்லை, பையனுக்குப் பரீட்சை என்று பேசிக்கொண்டே வருகிறவர்கள், கடலைப் பார்த்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தோளைத் தளர்த்திவிடுகிறார்கள். அலைச் சத்தம் ஹாரன் சத்தத்தை அமுக்கிவிடுகிறது. நாள் முழுக்க போனையும் கம்ப்யூட்டரையும் கிட்டத்தில் பார்த்த கண், அடிவானத்தைப் பார்க்கும்போது அதன் தசை இளகுகிறது.

உடம்பு விஷயத்தில் மணலைப் புரிந்துகொள்ள வேண்டும். கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று பெல்ஜியத்தில் அளந்து, 1998இல் எழுதியிருக்கிறார்கள். ஈர மணலில், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் செய்து பாருங்கள். ஊன்றிய காலின் கட்டைவிரல் முதலில் மணலைப் பிறாண்டும். குதிகாலைச் சுற்றித் தண்ணீர் ஊறும், அந்தப் பக்கம் மணல் மெல்ல இறங்கும், கணுக்காலுக்கு மேலே சின்னச் சின்னத் தசைகள் துடித்துத் துடித்து உங்களை நிமிர்த்தும். வீட்டுத் தரையில் இந்த வேலை அவற்றுக்குக் கிடைக்காது. நின்று செய்யும் ஆசனங்களைக் கடற்கரையில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் சூரிய நமஸ்காரம் வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதி மணலில் புதைந்து, மணிக்கட்டு அளவுக்கு மேல் மடங்கும். நாலு சுற்று போனால் வலி வந்துவிடும். சிரசாசனமும் சர்வாங்காசனமும் கூடவே கூடாது, கழுத்து ஒரு பக்கமாக இறங்கும். அவற்றை மொட்டைமாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடற்கரை சமதளம் இல்லை, தண்ணீரை நோக்கிச் சரிந்திருக்கும். நிற்கும்போது கடலைப் பார்த்தோ, கடலுக்கு முதுகு காட்டியோ நில்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் ஒரு கால் தாழ்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். சவாசனத்தில் தலை சாலைப் பக்கம் இருக்கட்டும்.

காலை 6 மணி வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நினைத்து வராதீர்கள். அதற்கு வேண்டிய கதிர் அந்நேரத்தில் மிகக் குறைவு. அந்த வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்யும், ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வரும். அதுவே பெரிய லாபம்.

யோகா முடித்த கையோடு ஒரு குளியல் போடலாம் என்கிற ஆசைக்கு மட்டும் நான் இடம் கொடுப்பதில்லை. கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். இந்தக் கரையில் தெரிகிற வெள்ளை நினைவுச் சின்னம், 1930இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. கடலோடு பழகிய மாலுமிக்கே அந்த நிலை.

வேளச்சேரியிலிருந்து தினமும் வர வேண்டாம். வாரம் இரண்டு நாள் வாருங்கள், மற்ற நாளில் மாடி.

பிராணாயாமத்துக்குக் காற்று அடிக்காத, தண்ணீர் அருகில் இல்லாத இடம் வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. நீங்கள் கடற்கரையில் சொல்லித் தருவது முறையா?
– வாசகர், கும்பகோணம்

ஐயா சொல்வது உண்மை. ஒரு வில்லளவு தூரத்துக்குக் கல், நெருப்பு, தண்ணீர் மூன்றும் இல்லாத சிறு குடிலைத்தான் ஹடயோக பிரதீபிகை கேட்கிறது. அது சாதனையையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்குச் சொன்னது. உங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையில் சந்தியாவந்தனத்தின் நடுவே பிராணாயாமம் செய்தவர்களும் இருந்தார்கள்தானே.

நூலின் எச்சரிக்கையை நான் தள்ளிவிடவில்லை. பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைக் கடற்கரையில் சொல்லித் தருவதில்லை, காற்றோடு மணல் தூசியும் உள்ளே போகும். 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுகிற மெதுவான மூச்சு மட்டும்தான். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற இந்த வேகத்தில் இதயத் துடிப்பும் மூச்சும் ஒத்திசைந்து போகும், படபடப்பு தணியும். அலையோடு சேர்த்து மூச்சு விடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலைகள் ஒரே இடைவெளியில் வருவதில்லை, அவற்றைத் துரத்தினால் மூச்சு தடுமாறும். அலை காதோடு இருக்கட்டும்.

வயது 58, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சில்வர் பீச்சில் வெறுங்காலோடு நடந்தால் நரம்புகளுக்கு நல்லது என்கிறார்களே?
– வாசகர், கடலூர்

வெறுங்கால் வேண்டாம் ஐயா. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கிளிஞ்சல் கீறினாலும், சூட்டு மணலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். பாதத்தை மூடும் காலணி போட்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்பட ஒருமுறை பாருங்கள். டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மற்றவர்களும் நாய்கள் படுக்கிற உலர்மணலில் வெறுங்காலோடு நிற்காமல் பாய் விரித்துக்கொள்வது நல்லது. நாயின் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் குஞ்சு தோலுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து தடிப்பு போடும். கடுமையாக அரிக்கும்.

எங்கள் ஊரில் கடலே இல்லையே, நாங்கள் என்ன செய்ய?
– வாசகி, கோவை

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். முதலில் சொன்ன ஆய்வு கடலை மட்டும் வைத்து எடுத்ததல்ல. தண்ணீர் நாற்றமடிக்காத நாளாக, கொசு அடங்கிய நேரமாகப் பார்த்துக் கரையில் ஒரு பெஞ்சைப் பிடியுங்கள். கரை சமதளமாக இருப்பதால் உங்களுக்கு என்னைவிட வசதி.

சுனாமியில் அம்மாவையும் தம்பியையும் பறிகொடுத்தேன். அதன் பிறகு கடல் பக்கம் போனதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளோடு காலையில் கடற்கரையில் யோகா செய்யப் போகிறேன் என்கிறாள். "மனசுக்கு நல்லதும்மா, நீயும் வா" என்று கூப்பிடுகிறாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அவளை அனுப்பவும் பயம், தடுக்கவும் மனமில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகப்பட்டினம்

அன்புச் சகோதரி, கடல் எல்லோருக்கும் மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அந்த நேரத்தையும் அந்தச் சத்தத்தையும் உங்கள் உடம்பு ஆபத்து என்று பதிந்து வைத்திருக்கிறது. அதனால் வரும் படபடப்பு பலவீனம் இல்லை. மகள் ஆசைப்படுகிறாள் என்பதற்காக நீங்கள் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கப் போகாவிட்டாலும் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

படபடப்பு வரும்போது கண்ணை மூடாதீர்கள், மூடினால் அந்தக் காட்சிகள் கிட்டே வரக்கூடும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்தபடி மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இது முதலுதவிதான். தூக்கம் கெடுகிறது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு, இத்தனை வருடம் கழித்தும் பலன் தரும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மகளை அனுப்புங்கள். 2004இல் நமக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் ஒரு மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அங்கிருந்து எச்சரிக்கை வந்தது, கரையோர மக்களை அப்புறப்படுத்தினார்கள். இருந்தாலும் மகளுக்கு நீங்களே சொல்லுங்கள்: நிலம் பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல், பையைக்கூட எடுக்காமல் மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது. தோழிகள் இல்லாமல் தனியாகப் போகக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன். இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அவளும் புரிந்துகொள்வாள். அம்மாவையும் தம்பியையும் பற்றி அவளிடம் இதுவரை முழுதாகப் பேசவில்லை என்றால், இந்தப் பேச்சோடு அதையும் தொடங்கலாம்.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், பிப்ரவரி வாக்கில் தொடங்கச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வீட்டில் உங்களோடு உட்கார்ந்து செய்யட்டும்.