ஈரச் சரிவில் சுழலும் பின் சக்கரங்கள்

வணக்கம் நண்பரே. படகுத்துறைச் சரிவில் டிரெய்லரிலிருந்து படகை நீரில் இறக்கும்போது சிக்கல் இல்லை, திரும்ப ஏற்றி மேலே இழுக்கும்போதுதான் உங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியின் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக நான்கு சக்கர இயக்க வண்டி வாங்க அவசரப்படாதீர்கள். நீர் விளிம்பிலுள்ள பாசிதான் எதிரி. வண்டியின் பின் டயர்கள் அதைத் தாண்டி மேலே, உலர்ந்த கான்கிரீட்டில் நிற்க வேண்டும். பலரும் டிரெய்லரைத் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கிவிடுகிறார்கள். குறைவாக இறக்கி, மீதித் தூரத்துக்குப் படகை வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) டிரெய்லர் மீது இழுங்கள். கடலோரச் சரிவு என்றால் நீர் ஏறியிருக்கும் நேரம் நல்லது. வற்றும்போதுதான் பாசிப் பகுதி வெளிப்படும். பின் அச்சுக்கு மேலே சில மணல் மூட்டைகளைக் கட்டிவையுங்கள், நிச்சயம் உதவும். ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுங்கள். இழுக்கும் நேரத்தில் டிரெய்லருக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள், தயவுசெய்து.