வாதி வராத நாள்

அன்புள்ள ஐயா,

கைமாற்றாகக் கொடுத்த பணம் வராததால் 4 ஆண்டுகளுக்கு முன் புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டேன். "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று எதிராளி சொன்னதை நம்பி வாய்தாக்களுக்குப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் வழக்கு தள்ளுபடியாகிவிட்டதாம். தீர்ப்பே சொல்லாததால் புதிதாக வழக்குப் போடலாம் என்கிறார் நண்பர். சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. முழுப் பொய்யைவிட ஆபத்தான பாதி. முதலில் நகல் மனு போட்டுத் தள்ளுபடி உத்தரவை வாங்குங்கள். ஓரிரு வரிதான் இருக்கும். 'வாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை' என்பதை அடுத்து, பிரதிவாதி வந்தாரா என்று பாருங்கள்.

இரு தரப்பும் வரவில்லை என்றால், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் புதிய வழக்குக்கு இடம் தருகிறது. ஆனால் வழக்குப் போடக் காலவரையறை 3 ஆண்டு. பழைய வழக்கு நடந்த காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. கெடுவுக்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தந்திருந்தால் ஒழிய, அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது.

பிரதிவாதி வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே சட்டத்தின் 9ஆம் கட்டளையின் 9ஆம் விதி, அதே வழக்குமூலத்தில் (வழக்குக்குக் காரணமான அதே விஷயத்தில்) மறுபடி வழக்குப் போடுவதையே தடுக்கிறது. பலமுறை நான் கண்ட காட்சி இது: டவாலி, அதாவது நீதிமன்றச் சேவகர், வாதியின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். சமரசம் பேசிய அதே மனிதர் பின்பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கைகட்டி நிற்பார். அரை நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும்.

இப்படித் தள்ளுபடியாவது, வழக்கை விசாரித்து முடிவு சொல்லும் தீர்ப்பாணை அல்ல என்பதால் நேரடி மேல்முறையீடும் கிடையாது. எஞ்சியிருப்பது, வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கக் கோரும் மனு. அதற்குக் கெடு, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். உங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது. ஆகவே காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும். 'பேசிக்கொண்டிருந்தோம்' என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தேதிவாரியாக இணையுங்கள். பழியை வக்கீல் தலையில் போடும் ஆசை வரும். வாய்தாக்களுக்குப் போகாதது நீங்கள்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நீதிமன்றம் செலவுத்தொகை விதித்தால் முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள். பிரதிவாதி வந்து தள்ளுபடியான வழக்கில், கோப்புக்கு எடுக்கும் மனுவைத் தள்ளினால் அந்த உத்தரவின் மீது மேல்முறையீடு உண்டு.

நகல் மனுவை நாளைக்கே போடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.