மழையை நிறுத்தாத மந்திரவாதி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் முடிந்தது. கனமான நூல்களை எல்லாம் வேலையில் இருந்தபோதே படித்தாயிற்று என்பதால், சென்ற ஆண்டு முழுக்கத் துப்பறியும் நாவல்களும் மிகுபுனைவுகளும் (ஃபேண்டஸி) மட்டுமே படிப்பது என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 34 எடுத்தேன். அதில் ஒன்பதைப் பாதியில் வைத்துவிட்டேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மிகுபுனைவுகளில் பெரும்பாலானவை எனக்கு ஒத்துவரவில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், அடுத்து நான்கு அரச வம்சங்கள், கடைசியில் சொல்லடைவு. 900 பக்கம் மூச்சு வாங்கப் படித்து முடித்தால் "முதல் பாகம் முற்றிற்று" என்கிறார்கள். மெலிந்த புத்தகம் என்பதற்காகவே ஊர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் நாவலை எடுத்தேன். மொழி அழகுதான். ஆனால் மந்திரவாதி கதையில் மந்திரமே நடப்பதில்லை. குருவானவர் மழையில் நனைந்தபடி நடக்கிறார். அதற்கு ஒரு மந்திரவாதி எதற்கு?

அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையை ஒரே இரவில் முடித்தேன். முடித்ததும் கோபம் வந்தது. கூடவே இருந்து கதை சொன்னவரே கொலைகாரர் என்றால் அது துப்பறிதல் அல்ல, மோசடி. ஸ்வீடன் தம்பதி எழுதிய 'ரோஸன்னா'வைப் பலரும் புகழ்கிறார்கள். அதில் செத்தது யார் என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆகிறது. போலீஸ்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு ரயிலில் போகிறார், வருகிறார். எதுவுமே நடக்கவில்லை.

துப்பறியும் கதை மறுமாதமே மறந்துபோகிறது, மிகுபுனைவு முடியவே மாட்டேன் என்கிறது. ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேனா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஒன்பது நூல்களைப் பாதியில் விட்டதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். 34-ல் ஒன்பது என்பது குறைவு. எனக்கு இதைவிட அதிகம் கழியும்.

பருத்த மிகுபுனைவுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஒரு சின்ன வரலாறு மட்டும் சொல்கிறேன். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற தன் பெரிய கதையை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். கையைச் சுட்டுக்கொள்ள விரும்பாத பதிப்பகம் அதை 1954, 55 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. காகித விலைக்காகச் செய்த ஏற்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் இலக்கணமாகவே பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஐந்தாகி, ஐந்து ஏழாகியது. டோல்கீன் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர். மொழிகளை உருவாக்கிவிட்டு, அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று உலகத்தை உருவாக்கியவர். அவரது சொல்லடைவுக்குப் பின்னால் ஓர் ஆயுட்கால உழைப்பு இருந்தது. மற்றவர்களுடையதற்குப் பின்னால் பெரும்பாலும் அவருடைய சொல்லடைவுதான் இருக்கிறது. அந்த ஒன்பதில் இவை எத்தனையோ, தாராளமாக எடைக்குப் போடுங்கள். நானும் போட்டிருக்கிறேன்.

மற்ற மூன்று நூல்களைப் பற்றிய உங்கள் மூன்று குறைகளும் எனக்கு ஒரே குறையாகத்தான் தெரிகின்றன. செய்யக்கூடியதை லெ குவினின் குரு செய்யவில்லை. சொல்ல வேண்டியதைக் கிறிஸ்டி சொல்லவில்லை. நடக்க வேண்டியது ஸ்வீடன் நாவலில் நடக்கவில்லை. நான் இந்த மூவரையும் திரும்பத் திரும்பப் படிப்பதே அந்தக் காரணத்துக்காகத்தான்.

முதலில் கிறிஸ்டி. (இதைப் படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிவை எஸ். தன் கடிதத்தில் போட்டு உடைத்துவிட்டார். 1926-ல் வந்த நாவல் என்பதால் நானும் அதை வெட்டவில்லை.)

புத்தகம் இன்னும் கைவசம் இருந்தால் கொலை நடக்கும் இரவை மறுபடி எடுத்துப் பாருங்கள். கதை சொல்லும் மருத்துவர் அக்ராய்டின் அறையில் இருக்கிறார். 8.40-க்குக் கடிதம் வருகிறது என்று எழுதுகிறார். தான் வெளியே வந்தபோது சரியாக 8.50, கடிதம் இன்னும் படிக்கப்படாமலே இருந்தது என்று அடுத்த வரியில் எழுதுகிறார். கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி, செய்ய வேண்டியது ஏதாவது விட்டுப்போயிற்றா என்று திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார். நீங்கள், நான், எல்லோரும் அந்த வரியைப் படித்தோம். கவனமான மருத்துவர் என்று நினைத்துக்கொண்டோம். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பத்து நிமிடம் கிடக்கிறது. அதில்தான் கத்தி இருக்கிறது. வரிகளில் ஒரு பொய்கூட இல்லை. முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வரிசை நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களோ என்று கடைசி அத்தியாயத்தில் அந்த மனிதரே பெருமையோடு கேட்கிறார். அந்த அகங்காரம்தான் அவரை எனக்கு மறக்க முடியாதவராக ஆக்கியது.

மோசடி என்று கோபப்பட்டவர்கள் அன்றும் உண்டு. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். பாதிரியார் அல்லவா, பத்துதான் வரும். ஒரு கதையில் ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது, துப்பறிபவருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியலின் முதல் கட்டளையே, யாருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர விடப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது. ஒன்பதாவது, துப்பறிபவரின் தோழர் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது. கிறிஸ்டி மூன்று வருடங்களுக்கு முன்பே இரண்டையும் உடைத்து வைத்திருந்தார். ஆக, நீங்கள் நல்ல துணையோடுதான் கோபப்படுகிறீர்கள். ஆனால் தடயத்தை மேசைமேல் வைத்துவிட்டு நம் கண்ணை வேறு பக்கம் திருப்புவது வித்தை. தடயத்தையே வைக்காமல் விடுவதுதான் மோசடி.

மோசடி எது என்று எனக்குத் தெரியும், செய்தவன் என்பதால். வெகுகாலத்துக்கு முன் ஒரு வார இதழில் பன்னிரண்டு வாரத் துப்பறியும் தொடர் எழுதினேன். பத்தாவது வாரம் வரை கொலையாளி யார் என்று எனக்கே தெரியாது. பதினோராவது வாரம் தூத்துக்குடியிலிருந்து ஓர் ஒன்றுவிட்ட தம்பியை ரயிலேற்றிக் கொண்டுவந்து பழியை அவன் தலையில் கட்டினேன். ஓர் அஞ்சலட்டை வந்தது. "தங்கள் தொடரில் கொலையாளியைத் தவிர எல்லோர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஏனெனில் அவர் அப்போது பிறக்கவே இல்லை." அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ரோஸன்னாவை நானும் முதல் முறை முடிக்கவில்லை. தொடர்கதைகளில் வளர்ந்த ஆட்கள் நாம். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் கதவு தட்டப்பட வேண்டும், இல்லையென்றால் துப்பாக்கி வெடிக்க வேண்டும். இந்த நாவலில் யோட்டா கால்வாயில் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. அது ஜூலை மாதம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தேடி யாரும் வரவில்லை. கடைசியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து செய்தி வருகிறது. பிறகு அவள் வந்த படகில் இருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த விடுமுறைப் புகைப்படங்களை நாடுநாடாகக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். யாரோ யாரையோ எடுத்த படத்தின் ஓரத்தில் அவள் நிற்கிறாளா என்று.

இரண்டாம் முறை படிப்பதற்குள் எனக்கு ஒரு சம்பவம் நடந்துவிட்டது. என் ஸ்கூட்டர் காணாமல் போனது. காவல் நிலையத்தில் ஏட்டையா கார்பன் தாளை இரண்டு முறை திருப்பி வைத்து எழுதினார். என்ன நிறம் என்று மூன்று முறை கேட்டார். அடுத்தடுத்த மாதங்களில் ஏழு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அதே பெஞ்சு, அதே சுவர்க் கடிகாரம், "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் சார்." அவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஏழாவது மாதம் அழைப்பு வந்தது. வேறொரு மாவட்டத்தில், பின்சக்கரம் இல்லாமல், வண்டி நின்றுகொண்டிருந்தது. மனிதர் நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதன் பிறகு ரோஸன்னாவை எடுத்தபோது அந்தப் போலீஸ்காரர் மார்ட்டின் பெக்கின் ஜலதோஷம் எனக்குக் கதையாகத் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தைச் சுருக்கிவிட்டால், ஒரு பெண் செத்து அதை உலகம் கவனிக்கவே இல்லை என்ற விஷயம் மூன்று வரித் தகவலாகிவிடும். நமக்கு அலுப்பு வர வர, அவள் அனாதையாகக் கிடக்கும் நாட்கள் கூடுகின்றன.

ஒரு சின்னத் திருத்தம். ரோஸன்னாவை எழுதிய மாய் ஷோவாலும் பேர் வாலோவும் திருமணம் செய்துகொள்ளாமலே சேர்ந்து வாழ்ந்தவர்கள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள். முதலிலேயே போட்ட திட்டம் அது. கால்வாய்ப் படகில் தனியாக நின்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை வாலோ பார்த்துக்கொண்டிருந்ததாகவும், "இவளைக் கொன்று கதையை ஆரம்பிக்கலாமே" என்று தான் சொன்னதாகவும் பின்னாளில் ஷோவால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாவல்களின் தோற்றக் கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இனி உங்கள் மழை. அந்தக் குருவின் பெயர் ஒகியன். நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று ஊரில் பேர். அவரிடம் சீடனாகச் சேர்ந்த கெட் மந்திரம் கற்கப் போகிறோம் என்று துள்ளிக்கொண்டு நடக்கிறான். மழை பிடிக்கிறது. அவர்கள் வாழும் தீவில் கால்காசு வித்தை தெரிந்தவன்கூட மேகத்தை மந்திரம் போட்டு அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவான். அங்கிருப்பவன் அதற்கடுத்த ஊருக்குத் தள்ளுவான். தெருக் குப்பையை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளுவதுபோல. மேகம் அலைக்கழிந்து கடைசியில் கடலில் போய் நிம்மதியாகப் பெய்யும். ஒகியன் தள்ளுவதில்லை. ஒரு மரத்தடியைத் தேடிப் படுத்துக்கொள்கிறார். பையன் ஈரப் புதருக்குள் சுருண்டபடி நீங்கள் கேட்ட அதே கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறான்: பயன்படுத்தாத சக்தியை வைத்துக்கொண்டு என்ன லாபம்? நாவலின் மிச்சம் முழுவதும் அந்தக் கேள்விக்கு அவன் கொடுக்கும் விலை. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒரு வீம்புக்காகச் செய்யக் கூடாததைச் செய்கிறான். ஒரு பிளவு திறந்து, அதன் வழியே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடியதில் பள்ளியின் தலைவர் உயிரையே விடுகிறார்.

மந்திரமே இல்லை என்றீர்களே, முதல் அத்தியாயத்து ஆடுகளை மறந்துவிட்டீர்களா? சிறுவன் அத்தை சொன்ன சொற்களை அர்த்தம் தெரியாமல் கத்துகிறான். ஆடுகள் வருகின்றன. சத்தமே இல்லாமல் வருகின்றன, மஞ்சள் கண்களால் பார்த்தபடி அவனை நெருக்குகின்றன, போகச் சொன்னால் போகவில்லை. எங்கள் பாட்டி வீட்டுத் தொழுவத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். இருட்டில் அந்தக் கண்களைப் பார்த்திருப்பதாலோ என்னவோ, 900 பக்க டிராகன் போர்களில் வராத நடுக்கம் எனக்கு அந்த அரைப் பக்கத்தில் வந்தது.

மறந்துபோவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வருடம் முடிந்த பிறகும் நனைந்துகொண்டு நடக்கும் கிழவரையும் மூக்கைச் சிந்தும் போலீஸ்காரரையும் திட்ட உங்களுக்கு நினைவிருக்கிறது. ரசித்துப் படித்ததாக ஒரு நூலைக்கூட நீங்கள் குறிப்பிடவில்லை.

எர்த்ஸீ வரிசையில் இரண்டாவது நாவலையும் எடுத்துப் பாருங்கள். அதுவும் மெலிந்ததுதான். ஆறு வயதில் பெயர் பறிக்கப்பட்ட ஒரு பெண் அதில் நாயகி. விளக்கு ஏற்றவே கூடாத நிலவறைப் பாதைகளில் சுவரைத் தடவித் தடவி வழியை மனப்பாடம் செய்கிறாள். கெட் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறான், அதுவும் திருடனாக. பிடிக்கவில்லை என்றால் இதே காரத்தோடு எழுதுங்கள். இழுப்பறையில் அந்த அஞ்சலட்டைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.