தண்ணீர் எங்கே போகிறது? வடசென்னைச் சூழலியல் கேள்வி பதில்

விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் திருவொற்றியூர் வாசகர் வட்டத்தில் சூழலியல் என்றாலே என் பக்கம் கைகாட்டிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், பல்லுயிர்த் தொகுதிக்கும் (பயோம்) சூழல்மண்டலத்துக்கும் என்ன வித்தியாசம்? ஐந்திணையும் பயோம்தான் என்று எழுதினால் மார்க் வருமா? (பிளஸ் ஒன் மாணவி, தண்டையார்பேட்டை)

பல்லுயிர்த் தொகுதியைத் தீர்மானிப்பது தட்பவெப்பம். மழையும் வெயிலும் ஒத்துப்போகும் இடங்களில், கண்டமே வேறானாலும், செடிகொடிகளின் தோற்றம் ஒரே சாயலாக இருக்கும். சஹாராவும் தார் பாலைவனமும் அதனால்தான் ஒரே கணக்கில் வருகின்றன. சூழல்மண்டலம் என்பது ஓர் இடத்து உயிர்களும் மண்ணும் நீரும் வெயிலும் ஒன்றோடொன்று நடத்தும் கொடுக்கல் வாங்கல். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் முன்வைத்த கருத்து இது. இதற்கு அளவு கிடையாது. உங்கள் மொட்டை மாடித் தொட்டியில் பாசியும் கொசுப்புழுவும் இருந்தால் அதுவும் ஒரு சூழல்மண்டலம்தான்.

நம் கடற்கரைக்கு இயற்கையாக அமைந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வருஷத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களின் வறட்சியைத் தாண்ட, தடித்த சிறு இலைகள் கொண்ட மரங்களால்தான் முடியும். கிண்டிப் பூங்காவில் அந்தச் சாயல் கொஞ்சம் தெரியும்.

திணைக்கு வருவோம். பயோம் என்று எழுதினால் நான் மார்க் போடமாட்டேன். நெய்தலும் மருதமும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மழையில் நனைகிறவை. அதோடு மனிதரின் தொழிலையும் திணை சேர்த்தே பார்க்கிறது. சூழல்மண்டலம் என்று எழுதினால் யோசிப்பேன்.

மெரினாவில் அவ்வளவு மணல். எங்கள் பக்கம் வீட்டு வாசலில் கருங்கல். கடலுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை? (இல்லத்தரசி, ராயபுரம்)

கடல்மேல் பழி போடாதீர்கள் அம்மா. நம் கரையோரம் மணல் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது. கோட்டைக்குப் பக்கத்திலேயே அலையடித்த இடம் இன்று அகலமான மணல்வெளி. வடக்கே அலை மணலை அள்ளிக்கொண்டு போவது நிற்கவில்லை, ஆனால் ஈடுகட்ட வேண்டிய மணல் வந்துசேரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது அதனால்தான்.

அப்புறம் கல் கொட்டினோம், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டோம். ஒரு வளைவு தன் தெற்குப் பக்கத்தைக் காப்பாற்றி, அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடும். அவர்களும் கல் கேட்பார்கள், நியாயம்தானே. மனிதத் தாக்கம் என்று பாடப் புத்தகம் சொன்னதும் புகைக்கூண்டைத்தான் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், வடசென்னையை அதிகம் மாற்றியது அந்தச் சுவர்தான்.

அம்மா, எண்ணூர் உப்பங்கழியில் காக்கா ஆழி நிறைந்துவிட்டது. இறால் கிடைப்பதில்லை. இதை ஒழிக்க மருந்து இருக்கிறதா? (மீனவர், காட்டுக்குப்பம்)

மருந்து என்று எதையும் ஊற்றிவிடாதீர்கள் தம்பி. ஆழியைக் கொல்லும் மருந்து இறாலையும் நண்டையும் விட்டுவைக்காது.

படிக்கிறவர்களுக்காக: காக்கா ஆழி என்பது விரல்நீளக் கறுப்புச் சிப்பி, தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. சரக்கு இல்லாத கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். போய்ச்சேர்ந்த துறைமுகத்தில் அதைத் திறந்துவிடும்போது கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் சேர்ந்து இறங்கும். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

ஒரு கொத்தைச் சேற்றிலிருந்து பிய்த்துப் பாருங்கள், தனியாக ஒன்று வராது. நார்நாராக நூல் விட்டு ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, பாய் விரித்தது போல அடியை மூடியிருக்கும். பகலில் சேற்றில் புதைந்து கிடக்கிற இறாலுக்கு அந்தப் பாயைத் துளைத்து இறங்க வழியில்லை. சேற்றுக்குள் கையைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கோ கை கிழிகிறது. நம்மூர்ப் பச்சை ஆழிக்கும் மஞ்சள் மட்டிக்கும் இடம் போய்விடுகிறது. வந்தேறி உயிர் ஜெயிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இது: அதைப் பிறந்த ஊரில் அடக்கிவைத்த எதிரிகள் கூடவே கப்பலேறி வருவதில்லை.

கையால் வாரி எடுப்பதுதான் இப்போதைக்கு வழி. வாரியதைக் கரையில் நன்றாகக் காயப்போடுங்கள். திரும்பவும் தண்ணீரில் கொட்டினால் வேலை வீண். அதோடு முகத்துவாரத்தைத் தூர்வாரி, அலை ஏறி இறங்க விட வேண்டும். அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். அது குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் படிந்து படிந்துதான் ஆழம் குறைந்தது. நீரோட்டம் மந்தமான இடத்தில் உள்ளூர் உயிர்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், புதியவனுக்கு அது வசதி.

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அலையாத்தி மரங்கள் இலை உதிர்த்தன. எண்ணெய் பட்டது தண்டில்தானே, மரம் ஏன் வாட வேண்டும்? (கல்லூரி மாணவர், எர்ணாவூர்)

தண்டைவிட வேரைப் பாருங்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது என்பதால் வெண்கண்டல் மரம் பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை மேலே அனுப்பி, அவற்றின் நுண்துளைகள் வழியாகக் காற்று வாங்குகிறது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த எண்ணெய், அலை இறங்கியபோது அந்த வேர்கள்மேல் பூசிக்கொண்டு நின்றது. துளை அடைபட்டால் மரத்துக்கு மூச்சுமுட்டும்.

இன்னொரு நஷ்டம் மெதுவாகத் தெரியும். கழியின் சாப்பாடு பெரும்பாலும் உதிர்ந்த இலையிலிருந்து தொடங்குகிறது. இலை மக்க, நுண்ணுயிர் பெருக, அதை இறாலும் நண்டும் தின்ன, அவற்றைக் கொடுவா தின்னும். சேறே எண்ணெயானால் இந்தச் சங்கிலி அடியிலேயே அறுந்துபோகும்.

அப்போது நிறைய அலையாத்திக் கன்று நட்டால் போதுமா? (தன்னார்வலர், மணலி)

போதாது. உப்புநீர் வந்துபோகாத இடத்தில் நட்ட கன்று பிழைக்காது. வெறுமையாகத் தெரிகிற சேற்றுத்திட்டில் நட்டால் உல்லான் போன்ற பறவைகளின் சாப்பாட்டுத் தட்டைப் பறித்தது ஆகும். முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள், விதை தானாகவே மிதந்து வந்து முளைக்கும்.

காசிமேட்டில் வாங்குகிற மீனைச் சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டீச்சர். (பலர்)

ஒரே வார்த்தையில் வராது. காசிமேட்டுக்கு வருவதில் பெரும்பகுதி வெளிக்கடல் மீன். அதைக் கழியில் பிடித்ததோடு குழப்ப வேண்டாம்.

உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஆற்றலில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் மேலே போகும். 1942-இல் லிண்டமன் எழுதிவைத்த கணக்கு அதற்கு அடிப்படை. ஆற்றல் குறைகிறது, ஆனால் உடம்பை விட்டு எளிதில் வெளியேறாத மெத்தில் பாதரசம் போன்றவை படிக்குப் படி கூடுகின்றன. அதனால் பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறாவிலும் பெரிய வஞ்சிரத்திலும் பாதரசம் அதிகம் இருக்கும். நெத்திலியும் மத்தியும் மிதவை உயிர்களைத் தின்று, சீக்கிரமே வலைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் குறைவு, விலையும் குறைவு.

ஆழி, மட்டி வகை வேறு கதை. அவை நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. ஈயம், காட்மியம் எது கலந்திருந்தாலும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஆலைக் கழிவுநீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்ததை வாங்காதீர்கள், கொதிக்கவைத்தாலும் உலோகம் போகாது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்கட்டும். பிரசவமான வீட்டில் சுறாப்புட்டுதான் என்று அடம்பிடிக்கும் மாமியார்களிடம் பால்சுறா குட்டியாகப் பார்த்து, எப்போதாவது ஒருமுறை என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று வைத்துக்கொண்டு, வஞ்சிரத்தை விசேஷ நாளுக்கு ஒதுக்கினால் போதும்.